மெர்டேக்காவுக்கு முந்திய 25 மாதங்கள்: நம் பெயர் எங்கே இருந்தது?

(ஜொகூர், குலாய் வட்டாரத் தோட்டப்புறக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. வர இயலாதவர்கள் வீட்டிலிருந்து படிப்பதற்காக எழுத்து வடிவில் தருகிறோம்.)



இன்று ஞாயிற்றுக்கிழமை. உங்களில் பலர் பாசிர் கூடாங்கிலும் செனாயிலும் ஷிப்டு வேலை செய்கிறவர்கள். சிலர் விடியற்காலை நாலு மணிக்கே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர்ப் பாலம் தாண்டுகிறவர்கள். கிடைத்த ஒரு நாள் ஓய்வையும் ஓவர்டைமையும் விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் வளவளவென்று பேசப் போவதில்லை.

போன மாதம் ஒரு தம்பி என்னிடம் கேட்டார். "அண்ணே, 1957-லேயே நம்ம உரிமையை எழுதி வாங்கியிருக்கலாமே, ஏன் வாங்கல? அப்ப நம்ம ஆளுங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்க?" உங்கள் வீட்டுப் பிள்ளையும் இதைக் கேட்டிருக்கலாம். நானும் சின்ன வயதில் என் தாத்தாவிடம் கேட்டிருக்கிறேன். அவர் பதில் சொல்லாமல் வெற்றிலையை மென்றார். தம்பிக்கு நான் அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. இன்று சொல்லப் பார்க்கிறேன்.

1957 ஆகஸ்ட் 31-ஆம் தேதி கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் துங்கு ஏழு முறை "மெர்டேக்கா" என்று முழங்கியதை ஒவ்வோர் ஆண்டும் தொலைக்காட்சியில் பார்க்கிறோம். அன்றுதான் எல்லாம் நடந்தது போல நமக்கு ஓர் எண்ணம். உண்மையில் அன்று நடந்தது கொடி ஏற்றம். நாட்டின் கணக்குவழக்கெல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. 1955 ஜூலை 27-ஆம் தேதி தேர்தல் நடந்தது. ஆகஸ்டு 9-ஆம் தேதி துங்கு முதல் அமைச்சராக ஒரு மந்திரிசபை அமைந்தது. அன்றிலிருந்து சுதந்திரம் வரை வெள்ளைக்காரனும் நம் நாட்டவரும் சேர்ந்து நடத்திய இடைக்கால அரசு அது. தேர்தல் நாளிலிருந்து எண்ணினால் 25 மாதம்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். தோட்டம் கைமாறும்போது என்ன நடக்கும்? பழைய துரையும் புதுத் துரையும் ஆபீசில் ஒன்றாக உட்காருவார்கள். மரம் எத்தனை, லயன் வீடு எத்தனை, ஸ்டோரில் மங்கு எத்தனை, எல்லாம் எண்ணுவார்கள். செக்ரோல் புத்தகத்தைப் புரட்டுவார்கள். அதில் உங்கள் பெயர் இருந்தால் புதுத் துரையிடமும் உங்களுக்கு வேலை உண்டு. இல்லாவிட்டால் முப்பது வருஷம் அந்த மரத்தைச் சீவியிருந்தாலும் நீங்கள் அந்நியன். அந்த 25 மாதத்தில் நாட்டுக்கு நடந்ததும் இப்படி ஒரு கணக்கெடுப்புத்தான்.

சரி, அந்த ஆபீசுக்குள் நம் ஆட்கள் யார் இருந்தார்கள்?

அதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நம் மக்கள் பார்த்த முதல் இடைக்கால அரசு துங்குவுடையது இல்லை. 1943 அக்டோபர் 21-ஆம் தேதி, இங்கிருந்து பாலம் தாண்டினால் வரும் சிங்கப்பூரில், கேத்தே கட்டடத்தில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான தமிழர்கள் அந்தப் படையில் சேர்ந்தார்கள். பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்தார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்று பழக்கப்பட்ட மனிதர்கள் அவர்கள். தலை நிமிர்ந்து நடக்க ஓர் அரசு கிடைத்தது. ஆனால் அது இந்தியாவுக்கான அரசு. மனமும் இந்தியாவைப் பார்த்தே இருந்தது. காலடியில் இருந்த இந்த மண்ணுக்கு யார் அரசு அமைப்பது என்ற கேள்வி அப்போது நம் லயன்களில் எழவில்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அன்றைய நிலை அது.

போர் முடிந்ததும் காரியங்கள் வேகமாக நடந்தன. 1946 ஏப்ரல் 1-ஆம் தேதி ஆங்கிலேயர் மலாயன் யூனியனைக் கொண்டு வந்தார்கள். அதை எதிர்த்து அதே ஆண்டு மே மாதம் அம்னோ பிறந்தது. எங்கே? நம் ஜொகூர் பாருவில், சுல்தானின் இஸ்தானா பெசாரில். தலைவர் டத்தோ ஓன் ஜாபார், ஜொகூர்க்காரர். ஆகஸ்டில் ம.இ.கா. பிறந்தது. அதன் முதல் தலைவர் ஜான் திவி, நேதாஜி இயக்கத்தில் இருந்தவர். ம.இ.கா.வின் தொடக்க காலத்தைப் பற்றி இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அது அம்னோவுடன் கைகோத்துப் பிறந்த கட்சி இல்லை. டான் செங் லோக் தலைமையில் இருந்த அகில மலாயாக் கூட்டு நடவடிக்கை மன்றத்தில் அது இருந்தது. அந்த மன்றமும் மலாய் இடதுசாரிகளின் புத்ரா கூட்டணியும் சேர்ந்து 1947-ல் ஒரு மக்கள் அரசமைப்பையே எழுதினார்கள். இந்த நாட்டைத் தாயகமாகக் கொண்ட எல்லாருக்கும் ஒரே குடியுரிமை, மலாய் தேசிய மொழி என்று அதில் இருந்தது. அதற்காக 1947 அக்டோபர் 20-ஆம் தேதி நாடு முழுவதும் ஹர்த்தால் நடந்தது. கடைகள் சாத்தப்பட்டன.

வெள்ளைக்காரன் அந்தத் தாளைத் திரும்பியும் பார்க்கவில்லை. 1948 பிப்ரவரி 1-ஆம் தேதி மலாயாக் கூட்டரசு வந்தது. ஜூன் மாதம் அவசரகாலம். தொழிற்சங்கச் சம்மேளனம் தடை செய்யப்பட்டது. அதன் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தின நாள் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். இருவரும் தமிழர்கள், இருவரும் தொழிலாளர் தலைவர்கள்.

இதை நான் ஏன் இங்கே நிறுத்திச் சொல்கிறேன் என்றால், 1955-ல் மேசை போடப்பட்டபோது தோட்டத் தொழிலாளியின் சார்பில் உரக்கப் பேசக்கூடியவர்களில் ஒரு பகுதியினர் அதற்கு முன்பே அகற்றப்பட்டுவிட்டார்கள். சிலர் தூக்குமேடையில், சிலர் காட்டில், சிலர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டு. அவர்கள் சென்ற பாதை சரியா தவறா என்று நீங்கள் வாதாடலாம். நானும் வாதாடியிருக்கிறேன். அவர்கள் நாற்காலி காலியாக இருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

இப்போது 1955 தேர்தலுக்கு வருவோம். நம் ஜொகூரில் 1954 அக்டோபரிலேயே மாநிலத் தேர்தல் நடந்துவிட்டது. கூட்டரசுக்குப் பொதுத்தேர்தல் என்று ஒன்று நடந்தது அடுத்த ஆண்டுதான். கூட்டரசுச் சட்டமன்றத்தில் 52 பேரை மக்கள் தேர்ந்தெடுக்கலாம். சபாநாயகரை விட்டுவிட்டு மொத்தம் 98 பேர். மிச்சம் 46 பேர் ஓட்டு வாங்காமல் உள்ளே வருகிறவர்கள். அந்த 46-இல் 22 இடம் தொழில் நலன்களுக்கு ஒதுக்கப்பட்டது. இதைக் கவனமாகக் கேளுங்கள். வணிகத்துக்கு 6, தோட்டத்துறைக்கு 6, சுரங்கத்துக்கு 4, விவசாயத்துக்கு 2, தொழிற்சங்கங்களுக்கு 4. தோட்டத்துறைக்கு ஆறு என்றால் தோட்டக்காரர்களுக்கு ஆறு, துரைமார்களுக்கு ஆறு. எல்லாத் தொழிலையும் சேர்ந்த எல்லாத் தொழிலாளிக்கும் சேர்த்து நாலு. பெரட்டுக்களத்தில் இருந்த அதே கணக்கு சட்டமன்றத்திலும் இருந்தது.

ஓட்டர் பட்டியல் இன்னும் மோசம். மொத்த வாக்காளர்கள் ஏறத்தாழ 12 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களில் மலாய்க்காரர் 84 விழுக்காடு, சீனர் 11 விழுக்காடு. இந்தியர்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. அன்று இந்த நாட்டில் நாம் எத்தனை பேர்? 1957 மக்கள்தொகைக் கணக்கில் ஏறத்தாழ 7 லட்சம், அதாவது நூற்றுக்கு 11 பேருக்குச் சற்று மேல். ஆள் இருந்தது, ஓட்டு இல்லை. காரணம் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. குடியுரிமைச் சட்டம் அப்படி இருந்தது. நம் மக்கள் பெரும்பாலோர் சட்டத்தின் கண்ணில் இந்த நாட்டுக் குடிகளே இல்லை.

கூட்டணி 52 இடங்களுக்கும் ஆள் நிறுத்தியது. அம்னோ 35, மலாயன் சீனர் சங்கம் 15, ம.இ.கா. 2. அந்த ஓட்டர் கணக்கில் இரண்டு என்பதே தாராளம் என்று சொன்னவர்கள் உண்டு. கூட்டணி 51 இடங்களில் வென்றது. கிரியானில் மட்டும் பாஸ் வென்றது. ஜொகூர் பாருவில் ஒரு பெரிய தலை உருண்டது. அம்னோவை உருவாக்கிய ஓன் ஜாபாரே அங்கே தோற்றார். அவர் 1951-ல் அம்னோவின் கதவை எல்லா இனத்தவருக்கும் திறக்கச் சொல்லி, அது நடக்காமல் வெளியேறி, மலாயா சுதந்திரக் கட்சியை ஆரம்பித்தவர். ம.இ.கா.கூட முதலில் அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. பிறகுதான் கூட்டணியில் சேர்ந்தது. கூட்டணி என்ற பந்தியில் கடைசியாக வந்து உட்கார்ந்தவர்கள் நாம். கடைசியாக வந்தவனுக்கு இலையில் என்ன விழும் என்று உங்களுக்குத் தெரியும்.

மந்திரிசபையில் கூட்டணியின் அமைச்சர்கள் பத்துப் பேர். ஜொகூரிலிருந்து மட்டும் மூன்று பேர். டாக்டர் இஸ்மாயில், அவருடைய அண்ணன் சுலைமான், சார்டோன் ஜூபிர். இந்தியர் ஒருவர், வீ.தி. சம்பந்தன். அவருக்குத் தொழிலாளர் இலாகா. சுங்கை சிப்புட்டில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அந்த ஆண்டு மே மாதத்தில்தான் ம.இ.கா. தலைவரானார். மூன்றே மாதத்தில் அமைச்சர்.

ஆனால் அதிகாரம் முழுதாக இவர்கள் கையில் இல்லை. பிரிட்டிஷ் ஹை கமிஷனர் மெக்கில்லிவ்ரே நிர்வாக மன்றத்துக்குத் தலைமை வகித்தார். நிதி, தற்காப்பு, சட்டம் எல்லாம் வெள்ளைக்கார அதிகாரிகளிடம். புது டிரைவர் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கிறார், பிரேக் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆசானின் காலடியில். லைசன்ஸ் எடுத்தவர்களுக்கு இது புரியும்.

அந்த பிரேக்கை வாங்கத்தான் 1956 ஜனவரியில் லண்டனுக்குப் போனார்கள். எட்டுப் பேர். சுல்தான்களின் சார்பில் நாலு பேர், கூட்டணியின் சார்பில் நாலு பேர். கூட்டணியின் நால்வர் துங்கு, அப்துல் ரசாக், டாக்டர் இஸ்மாயில், எச்.எஸ். லீ. அந்த எட்டுப் பேரில் இந்தியர் ஒருவரும் இல்லை. பிப்ரவரி 8-ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. உள்நாட்டுப் பாதுகாப்பும் நிதியும் உடனே மலாயா அமைச்சர்களுக்கு, இயன்றால் 1957 ஆகஸ்டுக்குள் சுதந்திரம், அரசமைப்பை எழுத ஒரு தனி ஆணையம். துங்கு திரும்பி வந்து பிப்ரவரி 20-ஆம் தேதி மலாக்கா பாடாங்கில் அதை மக்களிடம் அறிவித்தார்.

ஒரு சிறு சேதி. நம் ஜொகூர் சுல்தான் இப்ராகிம் சுதந்திரத்துக்கு இவ்வளவு அவசரம் ஏன் என்று கேட்டவர். 1955 செப்டம்பரில் தம் வைரவிழாவிலேயே அதைப் பேசினார். ஆக எல்லாரும் ஒரே குரலில் மெர்டேக்கா கேட்டார்கள் என்று பள்ளிப் புத்தகம் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். எல்லாப் பக்கமும் பயம் இருந்தது. நமக்கு மட்டும் அந்தப் பயத்தைச் சொல்ல இடம் கிடைக்கவில்லை.

ஆணையத்துக்குத் தலைவர் ரீட் பிரபு. உறுப்பினர்கள் பிரிட்டனின் ஐவர் ஜென்னிங்ஸ், ஆஸ்திரேலியாவின் மெக்கெல், இந்தியாவின் நீதிபதி மாலிக், பாகிஸ்தானின் நீதிபதி அப்துல் ஹமீது. மலாயாக்காரர் ஒருவரும் இல்லை. உள்ளூரார் இருந்தால் ஓர் இனத்தின் பக்கம் சாய்வார்கள் என்று வெளியாட்களைக் கேட்டு வாங்கினார்கள். 1956 ஜூன் முதல் அக்டோபர் வரை நாட்டைச் சுற்றி 118 கூட்டங்களில் கருத்துக் கேட்டார்கள். 131 மகஜர்கள் வந்தன. பிறகு ரோம் நகருக்குப் போய் உட்கார்ந்து அறிக்கையை எழுதினார்கள். கூட்டணி ஒரே மகஜர் கொடுத்தது. ம.இ.கா. தன் கோரிக்கைகளை அதற்குள்ளேதான் பேசி நுழைக்க வேண்டியிருந்தது. சீனர் சங்கங்களில் ஒரு பகுதியினர் இதில் திருப்தி அடையாமல், ஈப்போவின் லாவ் பாக் குவான் தலைமையில் 1957-ல் தனியாக லண்டன் வரை போய்ப் பார்த்தார்கள். காரியம் பலிக்கவில்லை. ஆனாலும் போனார்கள். லயன் வீட்டிலிருந்து லண்டனுக்குக் கப்பல் டிக்கெட் எடுக்க நம்மிடம் யார் இருந்தார்கள்?

ரீட் அறிக்கையில் நம்மைத் தொட்டது எது என்று கேட்பீர்கள். ஒன்றைச் சொல்கிறேன், பலருக்குத் தெரியாது. மலாயோ ஆங்கிலமோ சரளமாகப் பேசத் தெரியாத உறுப்பினர், பத்தாண்டு காலத்துக்குச் சட்டமன்றத்தில் சீன மொழியிலோ இந்திய மொழியிலோ பேசலாம் என்று ரீட் ஆணையம் சிபாரிசு செய்தது. ஒரு தண்டல், ஒரு பால்மரத் தொழிலாளி, நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று தமிழில் பேசியிருக்கலாம். பாகிஸ்தான் நீதிபதி அதற்கு மாற்றுக் கருத்து எழுதினார். அறிக்கை வந்தபின் 1957-ல் அதை அலச ஒரு வேலைக்குழு அமைந்தது. ஹை கமிஷனர், சுல்தான்களின் பிரதிநிதிகள், கூட்டணியின் நாலு பேர், இரண்டு வெள்ளைக்கார அதிகாரிகள். இந்த முறை கூட்டணியின் நால்வரில் சம்பந்தன் இருந்தார். அந்தக் குழு முடிக்கும்போது தமிழில் பேசும் சிபாரிசு விழுந்துவிட்டது. மலாய்க்காரர்களின் சிறப்பு நிலையைப் 15 ஆண்டுகளுக்குப் பிறகு மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்ற சிபாரிசும் விழுந்தது. 152-ஆம் விதியில், தமிழ் உட்படப் பிற மொழிகளைக் கற்பதையும் கற்பிப்பதையும் யாரும் தடுக்கக் கூடாது என்ற வாசகம் நின்றது. இன்று தமிழ்ப்பள்ளிக்கு ஆபத்து என்றால் நாம் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளும் கொம்பு அதுதான்.

கிடைத்த பெரிய பொருள் குடியுரிமை. மெர்டேக்கா நாளன்றோ அதற்குப் பிறகோ இந்த மண்ணில் பிறக்கும் குழந்தை இந்த நாட்டுக் குடிமகன் என்று எழுதப்பட்டது. அதற்கு முன் இங்கே பிறந்த பெரியவர்கள், கடைசி ஏழு ஆண்டில் ஐந்து ஆண்டு இங்கே வாழ்ந்திருந்தால் பதிந்துகொள்ளலாம். வெளியே பிறந்து வந்தவர்களுக்குக் கடைசிப் பன்னிரண்டு ஆண்டில் எட்டு ஆண்டு. மலாய் மொழித் தேர்வில் முதல் ஓராண்டுக்குச் சலுகையும் வைத்தார்கள்.

சம்பந்தனை ஏசுகிறவர்கள் நம்மில் நிறைய பேர். நானும் ஏசியிருக்கிறேன். ஆனால் இந்த இடத்தில் நியாயமாகப் பேச வேண்டும். இதே ஐவர் ஜென்னிங்ஸ், பத்தாண்டுக்கு முன் இலங்கையில் சேனநாயக்காவுக்கு அரசமைப்பு ஆலோசகராக இருந்தவர். 1948 பிப்ரவரியில் இலங்கைக்குச் சுதந்திரம். அந்த ஆண்டு முடிவதற்குள் குடியுரிமைச் சட்டம் கொண்டு வந்து மலையகத் தோட்டத் தமிழர்கள் ஏழு லட்சம் பேரை நாடற்றவர் ஆக்கினார்கள். 1947 தேர்தலில் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் அவர்கள்! நம்மிடம் இருந்ததைவிடப் பெரிய பலம். ஒரே சட்டத்தில் போயிற்று. பிறகு 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் உனக்கு, 3 லட்சம் பேர் எனக்கு, மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று ஆட்டு மந்தை போலப் பங்கு பிரித்தார்கள். அந்தக் கதி நமக்கு மொத்தமாக வரவில்லை. வராமல் போனதற்கு 1956-57 பேரம் ஒரு காரணம். அதில் நம் தரப்புக்கும் பங்கு உண்டு. அந்தக் கையெழுத்தை நான் சும்மா தள்ளிவிட மாட்டேன்.

ஆனால் சட்டத்தில் எழுதியது லயனுக்கு வந்து சேர்ந்ததா? இங்கேதான் என் குடும்பக் கதை வருகிறது.

என் பாட்டி இங்கிருந்து பத்து மைல் தூரத்தில் ஒரு தோட்டத்து லயனில் பிறந்தவர். மருத்துவச்சி பிரசவம் பார்த்தாள், யாரும் பதியவில்லை. தாத்தாவுக்கும் பாட்டிக்கும் மாரியம்மன் கோவிலில் தாலி கட்டினார்கள், அதையும் யாரும் பதியவில்லை. 1957-ல் பாரம் நிரப்பலாம் என்ற பேச்சு வந்தபோது தாத்தா ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போய்ப் பதிந்தார். பாட்டிக்கு அன்று பால் எடுக்கும் முறை, கைக்குழந்தை வேறு. தோட்டத்துக் கிராணியிடம் கேட்டிருக்கிறார்கள். "பொம்பளைக்கு என்னத்துக்கு அவசரம், புருஷன் போனா போதும். வேணும்னா அப்புறம் கூப்பிடுவாங்க" என்றாராம். கூப்பிடவில்லை. அந்த மனிதர் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. சில தோட்டங்களில் தொழிற்சங்கத்தாரும் கட்சிக்காரர்களும் வந்து மரத்தடியில் மேசை போட்டு நிரப்பிக் கொடுத்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் தோட்டம் உள்ளே தள்ளி இருந்தது. சிவப்பு மண் பாதை, மழை பெய்தால் லாரிகூட வராது.

பிறந்த மண்ணிலேயே பாட்டிக்குச் சிவப்பு ஐ.சி. அதன் அர்த்தம் 1969-ல்தான் தெரிந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்று 1968-ஆம் ஆண்டுச் சட்டம். மே 13 கலவரத்துக்குப் பிறகு அது இறுக்கிப் பிடிக்கப்பட்டது. சுமார் 60,000 இந்தியர்கள் கப்பலேறினார்கள். பாட்டியின் தங்கை அதில் ஒருத்தி. நாகப்பட்டினத்தில் இறங்கியதாக ஒரு கடிதம் வந்தது. பிறகு வரவில்லை. பாட்டி பெர்மிட்டை வருஷா வருஷம் புதுப்பித்துக்கொண்டு மரம் சீவினார். சாகும்போதும் சிவப்புத்தான்.

இதைச் சொன்னபிறகு 2007-ஐச் சொல்லாமல் போக முடியாது. அந்த ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் தேதி, மெர்டேக்கா பொன்விழாவுக்கு முதல் நாள், இண்ட்ராப் சார்பில் வேதமூர்த்தி லண்டனில் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டார். சஞ்சிக்கூலிகளாகக் கொண்டு வந்தாய், உழைப்பை உறிஞ்சினாய், போகும்போது அரசமைப்பில் பாதுகாப்பு எழுதாமல் விட்டுப் போனாய் என்பதுதான் அதன் சாரம். நவம்பர் 25-ஆம் தேதி கோலாலம்பூரில் திரண்ட கூட்டத்தில் உங்களில் சிலர் தண்ணீர்ப் பீரங்கியில் நனைந்தவர்கள். அந்த வழக்கில் நஷ்டஈட்டுத் தொகையைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. தொகையை விடுங்கள். அந்த 25 மாதத்தில் எங்களை யார் கணக்கெடுத்தது என்ற கேள்வியை, கேட்க வேண்டிய ஊரில் கேட்டது அந்த வழக்குத்தான்.

இனி நீங்கள் வந்த காரியம். பழைய கதை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், அதன் வால் இன்னும் உங்கள் வீட்டுக்குள் கிடக்கிறது. மண்ணில் பிறந்தால் போதும் என்ற 1957-ஆம் ஆண்டு வாக்கு ஐந்தே ஆண்டில் சுருங்கியது. 1962-ல் திருத்தினார்கள். அந்த ஆண்டு செப்டம்பருக்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய திருத்தம் இன்னும் சுருக்குகிறது. அதன்படி, சட்டம் நடப்புக்கு வந்தபின் இங்கே பிறக்கும் பிள்ளைக்குப் பெற்றோரின் சிவப்பு ஐ.சி. மட்டும் போதாது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கு அதே திருத்தம் நல்லதும் செய்தது. தாய்மார்களின் நீண்ட போராட்டம் அது. ஆனால் நம் சிவப்பு ஐ.சி. குடும்பங்களுக்கு அது தலைக்கு மேல் கத்தி.

கல்யாணத்தைப் பதியாதவர்கள் கையைத் தூக்க வேண்டாம், மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். 1982 மார்ச் முதல் பதிவு கட்டாயம். கோவிலில் ஐயர் தாலி எடுத்துக் கொடுத்தது சாமிக்குப் போதும், பதிவுத் துறைக்குப் போதாது. பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தாயின் நிலைதான். அப்பா நீல ஐ.சி. வைத்திருந்தாலும், அம்மாவுக்குக் குடியுரிமை இல்லையென்றால் பிள்ளை மாட்டிக்கொள்கிறது. எஸ்.பி.எம். எழுதும் வயதில் வந்து அழுகிறார்கள். 15A விதியின் கீழ் பிள்ளைகளுக்கு விண்ணப்பிக்க 21 வயது வரை இடம் இருந்தது. 2024 திருத்தம் அதை 18 ஆகக் குறைக்கிறது. அதனால் பிள்ளை இன்னும் சின்னதுதானே என்று இருக்காதீர்கள்.

இன்று பின்வரிசையில் மூன்று மேசை போட்டிருக்கிறோம். ஒவ்வொன்றிலும் பாரம் நிரப்பத் தெரிந்த பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். காசு கிடையாது. வீட்டில் இருக்கும் எந்தப் பழைய தாளையும் குப்பை என்று எறியாதீர்கள். தோட்டத்துச் சம்பளச் சீட்டு, யூனியன் கார்டு, தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைத் தாள், ஆஸ்பத்திரி அட்டை, பழைய பாஸ்போர்ட், ஊசி போட்ட கார்டு எல்லாம் சாட்சி. தோட்டத்தை மூடி வீடுகட்டுமானக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றால், உங்கள் லயனில் பக்கத்து வீட்டில் இருந்தவர் இன்று எந்தத் தாமானில் இருக்கிறார் என்று தேடுங்கள். நீங்கள் அங்கே பிறந்ததை அவர் சத்தியப்பிரமாணத்தில் சொல்லலாம். அவருக்கும் வயதாகிறது, சீக்கிரம் தேடுங்கள்.

எழுபது வயதுக்கு மேற்பட்ட சிவப்பு ஐ.சி. தாய்மார்கள் முதல் மேசைக்கு வாருங்கள். உங்களுக்கு முதலில் டீ, பிறகு பாரம். வீட்டில் நடமாட முடியாத பெரியவர் இருந்தால் முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அடுத்த வாரம் நாங்களே வருகிறோம், பாதை மோசமாக இருந்தாலும் வருகிறோம்.